சோப்பும் சுவரும் ஜமக்காளமும்

சுவரில் படிந்த அழுக்கைப் போக்கப் புகுந்து, அதில் பூசியிருந்த வர்ணத்தையே போக்கிவிட்டவன் நான். அதுவும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்துகொண்டு. அந்தத் தவற்றுக்குத் தண்டனை பெற்றவனோ வேறொருவன். அதனை முதலில் சொல்லிவிட்டால், சோப்பைப் பற்றி நான் சொல்ல வந்தது எளிதில் விளங்கும்.

1998ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நாட்களே இருந்தன. விழாக் கூடத்தின் சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்திற்குப் பச்சை எண்ணெய் வர்ணம் பூசியிருந்தார்கள். பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து, தலையெண்ணெயும் வியர்வையும் ஏறி, அது கறுத்துக் கிடந்தது. விருந்தினர்க்கு விரிக்க வேண்டிய பவானி ஜமக்காளங்கள் இரண்டும் அதே நிலையில் இருந்தன. காரம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவில் அழுக்குப் போகும் என்பது என் எண்ணம். ஆகவே ஒரு வாளி வெந்நீரில் சலவைச் சோடாவை அள்ளிப் போட்டு, சலவைத் தூளையும் கலந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வரைத் துடைக்கச் சொன்னேன். பிள்ளைகள் கையில் எரிச்சல் உண்டாகுமே என்றுகூட அப்போது தோன்றவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தேன். கூடத்தின் ஒரு மூலையில் பளபளப்பு முற்றும் நீங்கிச் சுவர் வெளிறியிருந்தது. துடைத்த துணியிலிருந்து பச்சை நிறம் சொட்டிற்று. அங்கு நின்ற பையனைக் கடிந்துகொண்டேன். “ஐயா, நான் மெதுவாகத்தான் துடைத்தேன்” என்றான். நான் நம்பவில்லை. விழா நாடகத்தில் அவனுக்கு இருந்த வேடத்தைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்தேன்.

விழா முடிந்த மறுநாள் எங்கள் வேதியியல் ஆசிரியர் அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சோப்பை எப்படிக் காய்ச்சுகிறார்கள், ஐயா?” என்று என்னைக் கேட்டார். “எண்ணெயும் காரமும் சேர்த்து” என்றேன். “எண்ணெய் வர்ணத்தில் இருப்பது என்ன?” என்றார் அவர். எனக்கு விளங்கிவிட்டது. சுவரிலிருந்த எண்ணெயோடு என் சோடாவின் காரம் சேர்ந்து, வர்ணத்தையே சோப்பாக்கத் தொடங்கியிருந்தது. பையன் துடைத்தது அழுக்கை அன்று. சுவரில் விளைந்த சோப்பை. அவன் வகுப்புக்குச் சென்று எல்லார் முன்னிலையிலும் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆனால் நாடகம் முடிந்து போயிற்றே!

கொழுப்பும் எண்ணெயும் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்தவை என்பதை மிசேல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். காரம் அந்த இணைப்பைப் பிரிக்கிறது. பிரிந்த கொழுப்பு அமிலம் காரத்தின் சோடியத்தோடு கூடிச் சோப்பாகிறது. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் தலையும் நீண்ட வாலும் உடைய ஒரு புழுவைப் போன்றது எனலாம். தலை நீரை நாடும். வால் நீரை வெறுத்து எண்ணெயை நாடும். சுவரில் படிந்த தலையெண்ணெயில் வால்கள் புதைந்துகொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கும். தேய்க்கும்போது எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து, தலைகள் சூழ நீரில் மிதக்கும். அந்த நீரை அப்புறப்படுத்தினால்தான் அழுக்குப் போயிற்று என்று பொருள். நீரை அகற்றாவிட்டால் அழுக்கு இடம் மாறிற்றே ஒழிய வெளியேறவில்லை. நுரையைக் கண்டு மகிழ்கிறோமே, அதற்கும் சுத்தத்திற்கும் நாம் நினைக்கும் அளவுக்கு உறவில்லை.

கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பல ஊர்களில் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடி நீரில் கரையாத திரையாகப் படியும். குளியலறை வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பது அதுவே. இந்தக் குறையை நீக்க வந்தவை செயற்கைச் சலவைப் பொருள்கள். அமெரிக்காவில் 1946இல் டைட் என்னும் தூளும், நம் நாட்டில் 1959இல் சர்ஃப் என்னும் தூளும் விற்பனைக்கு வந்தன. இவை கடின நீரிலும் திரியாமல் வேலை செய்யும். நம் பாட்டிமார் பட்டுப்புடவைக்குப் பயன்படுத்திய பூந்திக்கொட்டையின் நுரையும் கடின நீரில் திரிவதில்லை.

இனிச் சுவருக்கு வருவோம். வெறும் வெள்ளையடித்த சுவரைச் சோப்பிட்டுத் துடைப்பது வீண் வேலை. சுண்ணாம்போடு சோப்பு கூடிக் கரையாத திட்டாகிவிடும். அழுக்கேறினால் சுரண்டிவிட்டு மறுபடியும் வெள்ளையடிப்பதே முறை. சுண்ணத் தூளைப் பசையில் குழைத்துப் பூசும் பழைய வகை டிஸ்டெம்பரும் ஈரத்தைத் தாங்காது. பசை கரைந்து வர்ணம் கையோடு வந்துவிடும். எண்ணெய் வர்ணமும் எனாமலும் நீரைத் தாங்கும், வன்காரத்தைத் தாங்கா. இக்காலத்து எமல்ஷன் பூச்சுகளை மென்மையாகத் துடைக்கலாம்.

காரம் மிகுதியா, குறைவா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பு பட்டால் சிவப்பதைக் கண்டிருப்பீர்கள். அது காரத்தின் அடையாளம். மஞ்சள் தடவிய காகிதத் துண்டைத் துடைக்கப் போகும் நீரில் நனைத்துப் பாருங்கள். நன்றாகச் சிவந்தால் அந்த நீரை எண்ணெய் வர்ணத்தின் மீதோ கம்பளியின் மீதோ படவிட வேண்டாம். பாத்திரம் துலக்கும் மென்மையான திரவத்தில் ஒரு சிறு கரண்டி, ஒரு வாளி நீருக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். சுவரைக் கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். இது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி, பிறகு எளிதில் போகாத தடமாகிவிடும். ஏற்கெனவே நனைந்த பகுதியில் அது வழிந்தால் துடைத்துவிடலாம். பின்னர் வெறும் நீரில் பிழிந்த துணியால் மறுமுறை துடைக்க மறவாதீர்கள்.

விரிப்புகளில் கம்பளியே மிகவும் பொறுமை கேட்பது. ரோமத்தைக் காரம் அரிக்கும். புரதக் கறைகளைக் கரைக்க நொதி சேர்த்த தூள்கள் ரோமத்தையும் கரைக்க முயலும், அதுவும் ஒரு புரதமே ஆதலால். கறையைத் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அடியில் சணல் வைத்துத் தைத்த விரிப்பை நீரில் ஊறவிட்டால், உலரும்போது சணலின் பழுப்பு மேலேறிக் கறையாகும். குளோரின் வெளுப்பு நீரை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ எக்காரணத்தாலும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும்.

பருத்தி ஜமக்காளம் இவ்வளவு நுட்பம் கேட்பதில்லை. ஆனால் எங்கள் ஜமக்காளங்கள் கெட்ட விதம் வேறு. நுரை வரும்வரை தூளைப் பிடி பிடியாகப் போட்டோம். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் இரண்டே வாளியில் அலசி உலர்த்தினோம். அவை அட்டைபோல் விறைத்தன. நாங்கள் போட்ட சோடா கடின நீரின் சுண்ணாம்பை வெண்துகளாக்கி இழைகளில் படியவைத்திருந்தது. அலசாமல் நின்ற தூளின் பிசுக்குப் புழுதியை இழுத்தது. ஒரு மாதத்தில் முன்னைவிட அதிகமாக அழுக்கேறின.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, ஜமக்காளங்களை அதில் அமுக்கினோம். சோப்போ தூளோ ஒரு துளியும் சேர்க்கவில்லை. தொட்டி நிறைய நுரை பொங்கிற்று. பிப்ரவரி மாதத்து நுரை! நாடகத்தில் வேடம் இழந்த பையனும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.