சிலந்தி நெய்வதில்லை

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்களிடம் பாவு, ஊடை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நீளவாக்கில் தறியில் இழுத்துக் கட்டுவது பாவு. நாடாவோடு குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் கூடித் தறியில் வளர்ந்துகொண்டிருக்கும் துணிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வெப்' என்று பெயர். இன்று கைபேசியில் புழங்கும் அதே 'வெப்'தான்.

நெய்வதைச் சொல்லும் 'வீவ்', ஊடையைச் சொல்லும் 'வெஃப்ட்', 'வெப்' மூன்றுக்கும் வேர் ஒன்று. இங்கிலாந்தில் நெசவாளரை வெப், வெப்ஸ்டர் என்று அழைத்தார்கள். பிறகு அவையே குடும்பப் பெயர்களாயின. அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டரும், 1961 முதல் 1968 வரை நாசாவின் தலைவராக இருந்த ஜேம்ஸ் வெப்பும் பெயரளவில் நெசவாளர்களே. 2021 டிசம்பரில் விண்ணுக்குப் போன தொலைநோக்கி அந்த வெப்பின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதன் கண்ணாடிக்குத் தங்கமுலாம் பூசியிருப்பது சரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். சரிகையில் தங்கம் மினுக்க. அங்கே அகச்சிவப்பு ஒளியை நன்றாகப் பிரதிபலிக்க.

வாத்தின் கால்விரல்களுக்கு இடையிலுள்ள தோல், இரும்பு உத்தரத்தின் நடுத்தகடு, நாளிதழ் அச்சாகும் காகிதச் சுருள் எல்லாமே ஆங்கிலத்தில் 'வெப்'தான். சிலந்தி வலையும் அப்படியே. ஆனால் தறிக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நெசவென்றால் ஊடை ஒரு பாவிழைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் புகுந்து போக வேண்டும். வட்ட வலை கட்டும் சிலந்தி முதலில் ஆரக்கால்கள்போல் ஒட்டாத இழைகளை இழுத்துக் கட்டுகிறது. பிறகு அவற்றின் மேல் சுற்றிச் சுற்றிப் பசையுள்ள இழையைப் பதித்துக்கொண்டே போகிறது. மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. நூலும் வேறு. பட்டுப்புழு தன் கூட்டுக்கு இரண்டு ஃபைப்ரோயின் இழைகளைச் செரிசின் பசையால் சேர்த்துத் தருகிறது. அந்தப் பசையை வேகவைத்து நீக்கினால்தான் பட்டு மென்மையாகும், மினுங்கும். சிலந்திக்கோ பல சுரப்பிகள். கட்டுவதற்கு ஒரு நூல், இரையைச் சுற்ற இன்னொன்று.

1989-ல் ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ கைபேசியில் புழங்கும் அந்த 'வெப்'புக்கான திட்டத்தை எழுதியபோது அதற்கு அந்தப் பெயர் இல்லை. கண்ணி கண்ணியான வலையைக் குறிக்கும் 'மெஷ்' என்ற சொல்லைத்தான் யோசித்தார். குழப்படி என்று பொருள்படும் 'மெஸ்' போல ஒலிக்கிறதே என்று அதைக் கைவிட்டார். அவர் கைவிட்டதைத் தமிழ் எடுத்துக்கொண்டது: வலைத்தளம், வலைப்பூ, வலைப்பக்கம். என்னைக் கேட்டால் நம் சொல்தான் சரி. பக்கத்துக்குப் பக்கம் முடிச்சுப் போட்டதுதான் அது. பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது.

தறிக்கு நெருங்கிய சொந்தம் கணினி. 1804-ல் பிரான்ஸின் ஜக்கார்டு உருவாக்கிய பொறியில் துளையிட்ட அட்டைகள் பாவிழைகளை ஆள்கின்றன: துளை இருந்தால் இழையைத் தூக்கு, இல்லாவிட்டால் விடு. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு உத்தரவிட இதே அட்டைகளைத்தான் திட்டமிட்டார். காஞ்சியில் இன்றும் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் கோத்த அட்டைகளும் இருக்கின்றன. சில தறிகளில் அட்டைக்கு வேலை போய்விட்டது. புட்டாவைக் கணினியில் வரைந்து மின்னணு ஜக்கார்டில் ஏற்றிவிடுகிறார்கள்.