கைநழுவும் கமரா

தேயிலைச் சரிவில் நழுவிய பொருள் விழுந்த இடத்தில் நிற்பதில்லை. கொட்டகலைக்கு அப்பால் டெவன் அருவியைப் படமெடுக்க நிற்பவர், பையிலிருந்து கமராவை எடுக்கும்போதே அதன் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுதல் நன்று.

1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இம்மலைநாட்டின் டிக்கோயாவில் மறைந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தவர். தகடு நழுவினால் படமே போயிற்று! இன்று படம் நினைவக அட்டையில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அடிபடுவது வில்லை.

விழுந்த கமராவை உடனே இயக்கிப் பார்க்கும் ஆவல் இயல்பே. ஆயினும் பொறுத்தல் வேண்டும். முதலில் மின்கலத்தைக் கழற்றுக. வில்லையின் முன்னுள்ள காப்புக் கண்ணாடி நொறுங்கியிருந்தால், கமராவைக் கவிழ்த்து, துகள்களை மென்தூரிகையால் உதிர்க்க வேண்டும். துணியால் துடைத்தால் வில்லையும் கீறுண்ணும். காப்புக் கண்ணாடியின் வளையம் நெளிந்திருப்பின் வலிந்து திருகலாகாது. அதை நிமிர்த்தும் கருவி பழுதுபார்ப்போரிடம் உண்டு.