முதல் முறைப் பயணிக்கும் உரியது விமான முனையம்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும்போது, எளாவூர், ஆரம்பாக்கம் பகுதி மக்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றே அதைப் பார்த்துவிடுகிறார்கள். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் வானில் எழும் நெருப்புக் கோடு அவர்களுக்குப் பழகிய காட்சி. ஆனால், சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள சென்னை உள்நாட்டு விமான முனையத்துக்குள் முதன்முறையாக நுழையும்போது, எந்த வாயில், எந்த வரிசை, யாரிடம் கேட்பது என்று திகைத்து நிற்பவர்களும் இதே மக்கள்தான்.

விமானப் பயணம் இன்று வசதி படைத்தவர்களுக்கு மட்டுமானதல்ல. வேலை தேடி வெளிமாநிலம் செல்லும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர்கள், பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் முதியோர் எனப் பலரும் விமானம் ஏறுகிறார்கள். சிறு நகரங்களையும் சாமானியர்களையும் விமானப் போக்குவரத்துடன் இணைப்பதாகச் சொல்லி ‘உடான்’ திட்டத்தை மத்திய அரசு 2016இல் அறிவித்தது. முதல் முறைப் பயணிகள் பெருகுவார்கள் என்பது அரசே எதிர்பார்த்த ஒன்று. ஆனால், ஏற்கெனவே பலமுறை பறந்தவர்களை மனத்தில் வைத்தே நமது முனையங்கள் இயங்குகின்றன.

வழி எது?

எளாவூர் அல்லது கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயில் ஏறுபவர்கள் சென்னை சென்ட்ரல் வரை சென்று, அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையத்தை அடையலாம். பலர் அறியாத இன்னொரு வழியும் உண்டு. விம்கோ நகரில் இறங்கினால், அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் நீட்டிக்கப்பட்ட இந்த நீல வழித்தடம், வண்டி மாறாமல் நேரே விமான நிலையத்தில் கொண்டுபோய் விடும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் மார்க்க ரயிலுக்கு மாறி, விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் செல்லலாம்.

ஆனால், மெட்ரோ அதிகாலை 5 மணியளவில்தான் தொடங்குகிறது. காலை 6 மணி விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. அவர் பெரும் தொகை கொடுத்து வாடகைக் கார் எடுக்க வேண்டும். இல்லையேல் முந்தைய நாள் இரவே வந்து காத்திருக்க வேண்டும். கட்டணம் குறைவு என்பதற்காக அதிகாலை விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

நான்கு கட்டங்கள்

சென்னையில் உள்நாட்டு விமானங்கள் ஒரே கட்டடத்திலிருந்து புறப்படுவதில்லை. காமராசர் பெயர் தாங்கிய முதலாம் முனையத்துடன், பழைய பன்னாட்டு முனையமான நான்காம் முனையமும் 2023 நவம்பர் முதல் உள்நாட்டுச் சேவைக்குப் பயன்படுகிறது. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட இரண்டாம் முனையம் வெளிநாட்டுப் பயணங்களுக்கானது. பயணச்சீட்டில் ‘டி1’ அல்லது ‘டி4’ என்றிருப்பதைப் பார்க்காமல் கிளம்பினால், உடைமைகளைச் சுமந்துகொண்டு முனையம் விட்டு முனையம் நடக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நடப்பவை நான்கே கட்டங்கள். முதலாவது, நுழைவாயிலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரிடம் பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டுவது. இரண்டிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதும் நம் வழக்கம் இங்கே சிக்கலை ஏற்படுத்தக்கூடும் என்பதால், அட்டையில் உள்ளபடியே முன்பதிவு செய்ய வேண்டும். முகத்தை அடையாளமாகக் கொள்ளும் ‘டிஜி யாத்ரா’ வரிசை விருப்பத்தின்பேரிலானது, கட்டாயமல்ல.

இரண்டாவது, விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் பெட்டிகளை ஒப்படைத்துப் போர்டிங் பாஸ் பெறுவது. கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் வழங்குவதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டுள்ளது. பொதுவாக, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே இந்தக் கவுன்ட்டர் மூடப்பட்டுவிடும். பவர் பேங்க்கை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய் போன்றவற்றைக் கொண்டுசெல்ல விரும்புவோர் நிறுவனத்தின் விதியை முன்பே கேட்டுக்கொள்வது, கவுன்ட்டரில் பெட்டியைப் பிரித்துக் கொட்டும் சங்கடத்தைத் தவிர்க்கும்.

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை. நான்காவது, குறிப்பிட்ட வாயிலுக்குச் சென்று விமானம் ஏறுவது. புறப்பாட்டுக்குச் சுமார் 25 நிமிடங்களுக்கு முன்பே இந்த வாயில் மூடப்படும். பயணச்சீட்டில் இருப்பது விமானம் நகரும் நேரம்தானே தவிர, நாம் வாயிலுக்கு வந்து சேர வேண்டிய நேரமல்ல. பேருந்து நிலையப் பழக்கத்தில் வருபவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேட்டால் கிடைப்பவை

முனையத்துக்குள் எல்லாமே விலை உயர்ந்தவை என்ற எண்ணம் பெருமளவு உண்மை. அதற்கு மாற்றாக, முதலாம் முனையத்தில் 2025 பிப்ரவரி 27 அன்று ‘உடான் யாத்ரி கஃபே’ திறக்கப்பட்டது. அங்கு தேநீரும் தண்ணீர் பாட்டிலும் தலா 10 ரூபாய் என்று விலை நிர்ணயிக்கப்பட்டது. ஆனால், அது பாதுகாப்புச் சோதனைக்கு முந்தைய பகுதியில் அமைந்தது. இதை அறியாமல் சோதனையைக் கடந்து சென்றவர் திரும்பி வர முடியாது.

நடக்க இயலாதவர்கள் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. உரிய நேரத்தில் வந்துவிட்ட பயணியை, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால், விமான நிறுவனம் உணவு வழங்க வேண்டும் என்கின்றன விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள். இவை யாவும் சலுகைகள் அல்ல, உரிமைகள். கேட்கத் தெரிந்தவர்களுக்கே கிடைக்கின்றன என்பதுதான் குறை.

மௌனம் யாருக்கு வசதி?

2023 முதல் சென்னை விமான நிலையம் ‘அமைதியான விமான நிலையம்’ ஆனது. ஓயாத ஒலிபெருக்கி அறிவிப்புகளுக்குப் பதிலாகப் பயணிகள் மின்திரைகளைப் பார்த்துத் தகவல் அறிய வேண்டும். இரைச்சல் குறைவது நல்லதே. ஆனால், திரையை வாசிக்க இயலாதவர், பார்வைக் குறைபாடு உள்ளவர், வாயில் மாறக்கூடும் என்பதையே அறியாதவர் ஆகியோருக்கு அந்த மௌனம் இடராக மாறலாம். அறிவிப்பு ஒலிக்காத இடத்தில், அணுகிக் கேட்பதற்கு மனிதர்களாவது இருக்க வேண்டும்.

இதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. நுழைவாயிலுக்கு வெளியே, நான்கு கட்டங்களையும் படங்களுடன் தமிழில் விளக்கும் பலகை ஒன்று வைக்கலாம். ‘முதல் முறைப் பயணியா?’ என்று கேட்டு வழிகாட்ட, தமிழும் இந்தியும் அறிந்த பணியாளர்களை அதிகாலையிலும் நியமிக்கலாம். வாயில் மாற்றத்தை அந்தந்த வாயிலருகே மட்டும் குரலில் அறிவிக்கலாம். எளாவூர் போன்ற ரயில் நிலையங்களில், விமான நிலையம் செல்லும் வழியையும் முதல் மெட்ரோவின் நேரத்தையும் எழுதி வைக்கலாம்.

பயனர் மேம்பாட்டுக் கட்டணம் பயணச்சீட்டிலேயே சேர்த்து வசூலிக்கப்படுகிறது. மாதந்தோறும் பறக்கும் அதிகாரிக்கும், வாழ்நாளில் ஒருமுறை பறக்கும் மீனவத் தாய்க்கும் அதில் வேறுபாடு இல்லை. கட்டணத்தில் இல்லாத வேறுபாடு வழிகாட்டுதலில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? எளிய மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகளைத் திறந்துவிட்ட காமராசரின் பெயரைத் தாங்கிய முனையம், அந்த மக்கள் தயக்கமின்றி நுழையும் இடமாகவும் இருக்க வேண்டும்.