விமானியின் சம்பளமும் படிப்புச் செலவும்: இதெல்லாம் தெரியுமா?

விமானத்தின் வாசலில் நின்று புன்னகையோடு நம்மை வரவேற்கிறாரே கேப்டன், அந்த நிமிடங்களுக்கு அவருடைய சம்பளக் கடிகாரம் ஓடுவதில்லை, தெரியுமா? அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் விமானிக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். கதவு சாத்தி, பிரேக்கை விடுவித்து, விமானம் நகரத் தொடங்கும்போதுதான் அந்த மணி ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் விமானம் நின்றதும் அதுவும் நின்றுவிடும். வானிலை அறிக்கையைப் படிப்பது, எரிபொருளைக் கணக்கிடுவது, விமானத்தைச் சுற்றி வந்து டயரையும் இறக்கையையும் பார்ப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. மாதத்துக்கு இத்தனை மணி நேரச் சம்பளம் நிச்சயம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் உயிரைக் காக்கும் வேலையில் பாதி, தரையில் நிற்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது!

விமானியின் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று முதலில் யார் வகுத்தார்கள் என்று யோசித்ததுண்டா? அதற்கு 1934-க்குப் போக வேண்டும். விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே வந்த காலம் அது. மைல் கணக்கில் சம்பளம் கொடுத்தால் வேகத்தின் லாபம் விமானிக்கு, மணிக் கணக்கில் கொடுத்தால் முதலாளிக்கு. சண்டை மூண்டது. நியூயார்க் நீதிபதி பெர்னார்ட் ஷைன்டாக் இரண்டையும் கலந்து ஒரு சூத்திரம் வகுத்தார். அடிப்படைச் சம்பளம், மணிக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ‘முடிவு எண் 83’ என்று பெயர் பெற்ற இந்தத் தீர்ப்பு 1938-இல் அமெரிக்கச் சட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. சம்பளத்தையும் ஓய்வையும் ஒரே தாளில் எழுதினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அதே 1934-இல் இன்னொரு அதிசயம். எட்வின் லிங்க் என்ற இளைஞர் 1920-இல் 50 டாலர் கொடுத்து முதல் பறக்கும் பாடத்துக்குப் போனார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை! விமானம் குட்டிக்கரணம் போட்டதே தவிர, கட்டுப்பாட்டுக் கருவியைத் தொட அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அவருடைய அப்பா நடத்தியது பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளை எடுத்து, தரையிலேயே ஆடி அசைந்து பறக்கக் கற்றுத்தரும் பெட்டி ஒன்றை லிங்க் செய்தார். முதலில் வாங்கியவர்கள் யார் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்காரர்கள்! 1934-இல் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பு ராணுவத்திடம் வந்து, மோசமான வானிலையில் சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்ட பிறகே, ராணுவம் அந்தப் பெட்டிகளை வாங்கியது. இன்று உலகம் முழுக்க விமானிகள் பயிலும் சிமுலேட்டரின் மூதாதை அதுதான். பயிற்சிச் செலவைக் குறைக்கப் பிறந்த கருவி!

இனி 2009-க்கு வாருங்கள். ஜனவரி 15. பறவைக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கினார் கேப்டன் சல்லன்பெர்கர். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். ஊரே கொண்டாடியது. பிப்ரவரி 24 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்த அந்த நாயகன் பேசியது எதைப் பற்றி? தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதைப் பற்றி, ஓய்வூதியம் கைவிட்டுப் போனதைப் பற்றி. தம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரின் அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்திருந்தார்கள். துணை விமானி 24 வயதுப் பெண். ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைக்கூடத் தொடவில்லை. பணியிடமான நெவார்க்கில் அவருக்கு வீடு இல்லை. நாட்டின் மறுகோடியில் சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டிலிருந்து, இரவெல்லாம் சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்து, பணியாளர் அறையில் படுத்து எழுந்து வேலைக்குப் போனார். கேப்டனோ, தொழிலின் தொடக்கத்தில் கைக்காசு கட்டி, வேறொரு சிறு நிறுவனத்தில் பயணிகளோடு பறந்து மணிக்கணக்கைச் சேர்த்தவர். வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் அவர் உயர்த்தினார் என்பதே விசாரணை கண்ட காரணம். சம்பளத்தைக் காரணமாக அறிக்கை எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சம்பளத் தொகையைக் கேட்டு அமெரிக்கப் பயணிகள் அதிர்ந்தார்கள். அதிராமல் எப்படி இருக்க முடியும்?

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி 2010-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தன. துணை விமானியாக 250 மணி நேரம் போதும் என்றிருந்தது, 2013 முதல் பொதுவாக 1,500 ஆனது. விபத்தில் இறந்த இரு விமானிகளுக்கும் 1,500-க்கு மேல் அனுபவம் இருந்தது, தெரியுமா? விதி வந்தது. ஆனால் அத்தனை மணி நேரம் பறக்கும் செலவு யார் தலையில் என்று விதி சொல்லவில்லை! கடன் வாங்கிப் படித்தவர்கள் புது மாணவர்களுக்குப் பாடம் நடத்தியும், விளம்பரத் துணியை வானில் இழுத்தும் மணிகளைச் சேர்த்தார்கள். கடைசியில் ஆள் கிடைக்காமல் போக, 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான சிறு நிறுவனங்கள் புதுத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. பணம் அதுவரை எங்கே இருந்தது?

நிறுவனமே செலவழித்து விமானியை உருவாக்கும் வழக்கம் புதிதும் அல்ல. பிரிட்டனில் 1960-இலேயே ஹாம்பிளில் அரசு விமான நிறுவனங்களுக்காக ஒரு கல்லூரி இயங்கியது, 1980-களில் மூடினார்கள். 2023-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மறுபடி கேடட்டுகளுக்கு, அதாவது பயிற்சி விமானிகளுக்கு, ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை தரத் தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் படிக்கவைத்து, இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்குகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

நம் இந்தியாவில்? வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். அதற்குப் பிறகு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங், அதற்குத் தனியாகப் பணம். நிறுவனங்களின் கேடட் திட்டங்கள் சிலவற்றில் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நிலத்தை விற்றோ வீட்டை அடமானம் வைத்தோ கட்டும் குடும்பங்கள் எத்தனை! அப்படிச் சேர்ந்தவர்களில் பலர், 2012-இல் கிங்ஃபிஷரும் 2019-இல் ஜெட் ஏர்வேஸும் நின்றபோது மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் நின்றார்கள்.

இன்னொன்று தெரியுமா? வேலையை விட விரும்பும் கேப்டன் ஓராண்டு முன்னதாகவும், துணை விமானி ஆறு மாதம் முன்னதாகவும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் விதி போட்டார்கள். விமானிக்குப் பயிற்சி தர நிறுவனத்துக்கு ஆகும் காலமும் செலவும்தான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை ஏற்பதானால், டைப் ரேட்டிங் செலவை மாணவரிடம் வசூலித்த நிறுவனத்துக்கு அந்த ஆறு மாதத்தைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?