ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்ன விலை தெரியுமா?

புத்தகத்தின் பின்னட்டையில் கோடுகோடாக ஒரு கட்டம், அதன் தலைமேல் 13 இலக்கத்தில் ஓர் எண். அதுதான் ஐ.எஸ்.பி.என்., சர்வதேசத் தரப் புத்தக எண். அதன் விலை? இந்தியாவில் ஒரு பைசா கிடையாது! டெல்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். பதிப்பகம் வைத்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை, எழுத்தாளரே தன் பெயரில் வாங்கலாம். அமெரிக்காவிலோ ஒற்றை எண்ணுக்கு 125 டாலர்! என் நண்பர் ஒருவருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு வந்த பில்லில் 'ஐ.எஸ்.பி.என். கட்டணம்' என்று தனி வரியே இருந்தது. கவிஞர், பாவம், கணக்குக் கேட்கவில்லை.

அந்த எண்ணுக்குள் ஒரு வித்தை ஒளிந்திருக்கிறது. இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாற்றிமாற்றிப் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்தில்தான் முடியும். முடியவில்லையா, அச்சில் ஏதோ ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது!

எண் வாங்கி, அச்சடித்து, வெளியீட்டு விழாவில் பொன்னாடையும் போர்த்தியாயிற்று. அடுத்து? வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும். சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியக் கழக நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று. 1954ஆம் வருஷத்துச் சட்டம் இது. மீறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடவே புத்தகத்தின் விலை. தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1896இல் திறந்த கன்னிமாராவில் உங்கள் புத்தகத்துக்கும் ஓர் இடம், தபால் செலவில் கிடைக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி அனுப்பும் சட்டம் இருக்கட்டும், தாகூருக்காகக் காப்புரிமைச் சட்டமே மாறியது தெரியுமா? ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை என்றிருந்த காப்புரிமை, 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு 1991உடன் முடிய இருந்தது. அவருடைய சாந்திநிகேதன் பதறியது. 1992இல் திருத்தம் வந்து எல்லோருக்கும் 60 ஆண்டாயிற்று. நாமோ நேர் எதிர்த் திசையில் போனவர்கள்! 1949இல் பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை வாங்கியதில் தொடங்கி, தமிழக அரசே எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. அவற்றை யார் வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல் அச்சிடலாம். சின்னப் பதிப்பாளருக்கு இதைவிடப் பெரிய புதையல் ஏது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் ஒன்று, பிழையோடு அச்சாகிவிட்ட பழைய பதிப்பை அப்படியே நகலெடுத்துப் புது அட்டை போடுவதற்குப் பதிப்பு என்று பெயரில்லை.

பிழை என்றதும் ஞாபகம் வருகிறது. எழுத்துப்பிழை பார்க்க 'வாணி', சந்திப்பிழை பார்க்க 'நாவி', இரண்டையும் நீச்சல்காரன் என்ற ஒரே மனிதர் உருவாக்கி இணையத்தில் இலவசமாக விட்டிருக்கிறார்! சொல்லுக்குப் பொருள் தேடவேண்டுமா? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தளத்தில் திறந்துவைத்திருக்கிறது. எழுத்துருவும் அப்படித்தான். நோட்டோ, மீரா இனிமை போன்றவற்றை விற்பனைக்கான புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். திருட்டு எழுத்துருவில் அறநூல் அச்சிட்ட கூத்தையும் இந்தக் கண்கள் பார்த்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று, இதுதான் என்னை நாற்காலியிலிருந்தே எழுப்பியது. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. உரிமையைக் கைமாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லையா? ஐந்தே ஆண்டு! எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லையா? இந்தியாவுக்கு மட்டும்! லண்டனுக்கும் சிங்கப்பூருக்குமான உரிமை உங்களிடமேதான் இருக்கிறது. அதுமட்டுமா? வாங்கிய உரிமையை ஒரு வருஷம் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தம் வேறுமாதிரி சொன்னால் ஒழிய, அந்த உரிமை தானாகவே காலாவதி. மின்னூல் உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று வருஷக்கணக்கில் புலம்புகிறவர்கள் எத்தனை பேர்!

பீரோவுக்குள் எங்கோ உங்கள் பழைய ஒப்பந்தம் கிடக்கும். இன்று ராத்திரியே எடுத்து, அதில் ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.