வீட்டு நாஸ்: ரெண்டு ஹார்டு டிஸ்க் போட்டுட்டா போட்டோ எல்லாம் பத்திரமா?

கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவச சேமிப்பை 2021 ஜூன் 1-ம் தேதி நிறுத்தியது. அதன்பிறகு 15 ஜிபி நிரம்பினால் சந்தா கட்ட வேண்டும். அதற்கு மாற்றாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெட்டிதான் 'நாஸ்'. ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டில் இருக்கும் எல்லா போன், லேப்டாப்பிலிருந்தும் அதில் சேமிக்கலாம். ஆனால் பெரும்பாலும் காலிப் பெட்டியாகத்தான் விற்பார்கள். ஹார்டு டிஸ்க்கை நாம்தான் தேர்ந்தெடுக்கணும்.

எந்த டிஸ்க் வாங்கலாம்?

விலையையும் அளவையும் மட்டும் பார்த்தால் போதாது. அது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தகவல் பதியும் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். ஒன்றை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது. பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டு, புதியதில் மொத்தத் தகவலையும் நிரப்பும்போதுதான் திணறும்.

நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் 'ரெட்' வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-ல் தெரியவந்து சர்ச்சையானது. பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று பெயர் வைத்தார்கள். எனவே மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு காசு கொடுங்கள்.

ரெய்டு என்றால்?

ஒரு டிஸ்க் செத்தாலும் தகவல் தப்பிக்கும் ஏற்பாடு. ரெய்டு 1-ல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் இருக்கும். 4 டிபி இரண்டு போட்டால் கிடைப்பது 4 டிபிதான். ரெய்டு 5-க்கு குறைந்தது 3 டிஸ்க் வேண்டும், ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போய்விடும். ரெய்டு 6, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 0-வில் பாதுகாப்பே கிடையாது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குடும்ப போட்டோ, வீடியோவுக்கு ரெய்டு 1 தாராளம்.

அப்போ பேக்கப் தேவையில்லையா?

கண்டிப்பாகத் தேவை. கல்யாண ஆல்பத்தை யாராவது தெரியாமல் அழித்தால், அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நாஸ்களைப் பூட்டி 0.03 பிட்காயின் கேட்டது. அங்கே ரெய்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பட்ஜெட் இரண்டு டிஸ்க்குக்கு மட்டும்தான் என்றால், ஒன்றை நாஸில் போடுங்கள். இன்னொன்றை யுஎஸ்பி வழியாக வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். ரெய்டுக்கான டிஸ்க்கை பிறகு வாங்கிக்கொள்ளலாம்.