நோயாளி இரகசியக்காப்பு (இந்தியா)

நோயாளி இரகசியக்காப்பு என்பது, மருத்துவத்தின்போது ஒருவரைப் பற்றி மருத்துவர் அறியும் செய்திகளை அவரது இசைவின்றிப் பிறருக்கு வெளிப்படுத்தாதிருக்கும் கடமை ஆகும். பண்டைக் கிரேக்கத்தின் இப்போக்கிரட்டீசு உறுதிமொழியிலேயே இக்கடமை இடம்பெற்றுள்ளது. இந்தியாவில் இதன் எல்லையை ஆராய்ந்த முதன்மையான வழக்குகளுள் ஒன்று, சென்னையில் நிகழ்ந்த ஒரு நிகழ்வைப் பற்றியது.

தேவை

தான் கூறுவது வெளியே செல்லாது என்னும் நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி தன் நிலையை மறைக்காமல் கூறுவார். நம்பிக்கை குலைந்தால் பலர் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். அதனால் நோய் கண்டறியப்படாமல் பரவும். ஆகவே, இரகசியக்காப்பு தனிமனித உரிமையாக மட்டுமன்றிப் பொதுநலத் தேவையாகவும் கருதப்படுகிறது.

திரு. எக்ஸ் எதிர் இசட் மருத்துவமனை

1995 இல் நோயாளி ஒருவருடன் சென்னை வந்த ஒருவர், அந்நோயாளிக்குக் குருதிக்கொடை அளிக்க முன்வந்தார். மருத்துவமனையில் அவரது குருதியைச் சோதித்தபோது எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. இச்செய்தி வெளியே தெரிந்ததால் அவருக்கு உறுதிசெய்யப்பட்டிருந்த திருமணம் நின்றது. சமூகத்தில் ஒதுக்கப்பட்ட அவர், ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் மருத்துவமனையிடம் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். தீர்ப்பில் அவரது பெயர் திரு. எக்ஸ் என்றே குறிக்கப்பட்டது.

1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையை ஏற்க மறுத்தது. தனியுரிமை, அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பிலிருந்து எழும் உரிமையே எனினும், அது வரம்பற்றதன்று என நீதிமன்றம் கூறியது. மணமகளின் உயிர், உடல்நலம் ஆகியவற்றுக்கான உரிமை இங்கு மேலோங்கும் என்பது தீர்ப்பின் அடிப்படை. தொற்றுள்ளவரின் திருமண உரிமை நோய் குணமாகும்வரை இடைநிறுத்தப்படும் என்றும் அத்தீர்ப்பு கூறியிருந்தது. அக்கருத்து அவ்வழக்கைத் தீர்க்கத் தேவையற்றது என 2002 இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் தெளிவுபடுத்தியது.

விதிவிலக்குகள்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, மருத்துவர் மூன்று சூழல்களில் நோயாளியின் இரகசியத்தை வெளிப்படுத்தலாம்:

- நீதிபதி ஆணையிடும்போது
- குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ கடுமையான ஆபத்து இருப்பது இனங்காணப்பட்டபோது
- அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின்போது (எடுத்துக்காட்டு: 2012 முதல் காசநோய்)

எச்.ஐ.வி. சட்டம்

நாடாளுமன்றம் 2017 இல் இயற்றிய எச்.ஐ.வி., எய்ட்சு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இணையருக்குத் தொற்றும் ஆபத்து மிகுந்திருந்தால் மட்டுமே மருத்துவரோ ஆலோசகரோ அவருக்குத் தெரிவிக்கலாம். அதற்கு முன், இணையரிடம் தாமே கூறுமாறு தொற்றுள்ளவருக்கு ஆலோசனை வழங்கியிருக்க வேண்டும். அவர் கூறமாட்டார் என உறுதியானால், தாம் தெரிவிக்கவிருப்பதை முதலில் அவருக்கு அறிவிக்க வேண்டும். தெரிவிப்பதால் வன்முறையோ கைவிடப்படுதலோ நேரும் என்னும் நியாயமான அச்சம், குறிப்பாகப் பெண்களுக்கு, இருந்தால் தெரிவிக்கக்கூடாது. 1998 தீர்ப்பு யாருடைய உரிமை மேலானது என்பதை எடைபோட்டது. இச்சட்டமோ வெளிப்படுத்தும் வழிமுறையையும் வரையறுத்தது.

தரவுப் பாதுகாப்பு

மேற்கூறிய 2002 விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் பேண வேண்டும். நோயாளி கோரினால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும்.

காகிதப் பதிவேட்டை ஒரு நேரத்தில் ஒருவரே படிக்க இயலும். கணினிப் பதிவுகளோ நொடியில் ஆயிரக்கணக்கில் படியெடுக்கத்தக்கவை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்சு மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டபோது, பணிகள் பல நாள்கள் கையெழுத்து முறையில் நடைபெற்றன. இத்தகைய அமைப்புகளுக்குப் பின்வரும் பாதுகாப்புகள் அடிப்படையானவை:

- ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கடவுச்சொல்
- பணிக்குத் தேவையான பதிவுகளை மட்டும் காணும் அனுமதி
- யார், எப்போது, எதைப் பார்த்தார் என்னும் பதிவு
- தரவுகளை மறைகுறியாக்கம் செய்தல்
- தனியிடத்தில் காப்புப்படி

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 இல் ஒன்பது நீதிபதிகள் ஆயம் புட்டசாமி வழக்கில் உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.